மலை சைக்கிளுக்கு சக்கரம் 26 இன்ச்சா, 27.5ஆ, 29ஆ? ஒரேயடியா குழம்பிட்டேன், வழி சொல்லுங்க

மண்தடம்:
எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தவன், இப்ப தான் இழை போடுறேன். புதுசா ஒரு எம்டிபி (மலை சைக்கிள்) எடுக்கலாம்னு இருக்கேன், முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்குற ஹார்ட்டெயில் தான், ஃபுல் சஸ்பென்ஷன் அளவுக்கு கை நீளாது. எங்க பார்த்தாலும் 29 எடு 29 எடுங்கறாங்க, கூட ஓட்டுற ஒருத்தர் 29 பஸ் மாதிரி திரும்பும் 27.5 தான் சொன்ன பேச்சு கேக்கும்ங்கறார், இன்னொரு நண்பர் தன்னோட பழைய 26ஐ எடுத்துக்கோன்னு சொல்றார். என் உயரம் 164 செமீ, உள்கால் அளவு 75. ஓட்டப்போறது கல்லும் வேரும் கிடக்குற காட்டுப் பாதை, நீளமான ஏத்தம் உண்டு, இறக்கத்துல பெரிய சாகசம் எல்லாம் கிடையாது, ஜம்ப் அடிக்கிற ஆசையும் இல்ல. எது சரி? காரணத்தோட சொன்னா புண்ணியமா போகும்.

கியர்மாமா:
வாங்க தம்பி. முதல்ல இந்த நம்பர் விஷயத்தை முடிச்சிடுவோம். 26, 27.5, 29 எல்லாம் பேருக்கு தான், டேப் வெச்சு அளந்தா பல நேரம் அந்த அளவே வராது. டயரோட ஓரம் ரிம்முக்குள்ள உக்கார்ற இடத்தோட விட்டம் தான் நிஜ அளவு. 26க்கு 559 மில்லி, 27.5க்கு 584, 29க்கு 622. இப்ப கழிச்சுப் பாருங்க, 26ல இருந்து 27.5க்கு 25 மில்லி தான் கூடுது, அங்க இருந்து 29க்கு 38 மில்லி. ஆக 27.5 நட்ட நடுவுல எல்லாம் இல்ல, கொஞ்சம் வளர்ந்த 26 அவ்ளோ தான். ரெண்டோட நல்லதும் இதுல இருக்குன்னு விளம்பரத்துல சொன்னதை நம்பி நிறைய பேர் எடுத்தாங்க. 2.3 இன்ச் அகல டயர் போட்டா வெளி விட்டம் சுமாரா 675, 700, 738 மில்லின்னு வரும்.
நீங்க சொல்ற மாதிரி ஓட்டுறதுக்கு 29 தான் என் ஓட்டு. உங்க உயரத்துக்கு ஃப்ரேம் சரியா அமையுதான்னு மட்டும் பாத்துக்கணும், அது தனி கதை.

ஒத்தக்கியர்:
வந்துட்டாங்கய்யா 29 கட்சி. தம்பி, அந்த பழைய 26ஐ யோசிக்காம எடுங்க. இந்த விளையாட்டே 26ல தான் பொறந்துச்சு. 1970கள்ல கலிஃபோர்னியாவுல மரின் கவுண்டி பசங்க டாமல்பைஸ் மலைப் பக்கம் பழைய ஷ்வின் சைக்கிளை உருட்டிட்டுப் போய் இறக்கத்துல விட்டாங்களே, ரீபேக் ரேஸ்னு 1976ல ஆரம்பிச்சது, அது எல்லாம் 26 தான். அந்த பசங்கள்ல ஒருத்தர் ஜோ பிரீஸ் கையால ஃப்ரேம் கட்டினது 26க்கு, 1981ல ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியோட ஸ்டம்ப்ஜம்பர் சைக்கிள் வந்தது 26ல. அதுக்கப்புறம் முப்பது வருஷம் உலகமே அதுல தானே மலை ஏறுச்சு இறங்குச்சு? கம்பெனிக்காரனுக்கு புது சைக்கிள் விக்கணும், அதுக்கு சக்கரத்தை மாத்துறான். நாளைக்கு 32ங்கறான், அதுக்கும் இப்பவே பேச்சு ஓடிட்டு இருக்கு.

கியர்மாமா:
//இந்த விளையாட்டே 26ல தான் பொறந்துச்சு//
அண்ணே, பொறந்தது சரி, ஏன் 26ல பொறந்துச்சு? அந்த பசங்க உக்காந்து ஆராய்ச்சி பண்ணியா 26ஐ எடுத்தாங்க? பழைய பலூன் டயர் சைக்கிள் அங்க சீப்பா கிடைச்சுது, அதுல இருந்தது 26, தடிமனான டயரும் அந்த அளவுல மட்டும் தான் இருந்துச்சு. கிடைச்சதை வெச்சு ஓட்டினாங்க, ஜனங்க பாத்து வாங்கினாங்க, அதுவே வழக்கமாயிடுச்சு. 622 அளவுல காட்டுக்கு ஏத்த தடி டயர்னு ஒழுங்கா ஒண்ணு வந்ததே 1999ல, வைல்டர்னஸ் ட்ரெயில் பைக்ஸ் போட்ட நேனோராப்டர். டயரே இல்லாதப்ப 29 எப்படி வரும்? அது வந்த பிறகு தானே அதே மரின் கும்பல்ல இருந்த கேரி ஃபிஷர் பேர்ல சைக்கிள் எல்லாம் கடைக்கு வந்துச்சு. கம்பெனி வியாபாரம் பண்ணுதுங்கறதை நான் மறுக்கல, ஆனா அதுக்காக 26 தான் வேதம்னு சொல்ல முடியாது.

கணக்குப்புள்ள:
ரெண்டு பேரும் வரலாறு பேசிட்டு இருக்கீங்க, நான் கொஞ்சம் கணக்கு பேசிட்டுப் போறேன்.
10 செமீ உயரத்துல ஒரு கல்லு நிக்குதுன்னு வெச்சுக்கோங்க, சக்கரம் அதை முட்டுற கோணம் 26க்கு சுமார் 45.3 டிகிரி, 27.5க்கு 44.4, 29க்கு 43.2. ரெண்டு டிகிரி தானேன்னு தோணும். ஆனா நின்ன இடத்துல இருந்து அந்தக் கல்லு மேல ஏத்த தேவைப்படுற முன்தள்ளுற விசையை கணக்குப் போட்டா 26ஐ விட 29க்கு ஏழு சதவீதம் கிட்ட கம்மி, 27.5ஐ விட நாலு சதவீதம். ஒரு கல்லுக்கு இது ஒண்ணுமே இல்ல, ஏத்தம் முழுக்க கல்லும் வேருமா இருந்தா ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் கொஞ்சமா மிச்சமாகும், வேகம் குத்துப்பட்டு நிக்காது. 29 உருண்டுட்டுப் போகும்னு சொல்றாங்களே, அது இது தான், மாயம் ஒண்ணும் இல்ல.
இன்னொண்ணு, பெரிய சக்கரத்தை வேகம் எடுக்க வைக்கிறது கஷ்டம்னு ஒரு பேச்சு இருக்கு, அது பாதி தான் உண்மை. ரிம்மோட எடை முழுக்க ஓரத்துல இருக்குன்னு எடுத்துக்கிட்டா, அதே வேகத்துல போறப்ப அது சுத்துறதுல இருக்குற சக்திக்கு விட்டம் கணக்குலயே வராது, எடை மட்டும் தான் வரும், ஏன்னா பெரிய சக்கரம் மெதுவா சுத்துது. 622ஐ 584 ஆல வகுத்தா ஆறு ஏழு சதவீதம், அவ்ளோ தான் ரிம்மும் டயரும் எடை கூடும். ஆனா சாய்ச்சு திருப்புறப்ப கதை வேற, அங்க எடையும் கூடுது விட்டமும் கூடுது ரெண்டும் பெருக்கி வரும், பன்னெண்டு பதிமூணு சதவீதம் முரண்டு பிடிக்கும். 27.5ல இருந்து 29க்கு மாறினவங்க கையில உணர்றது இதைத் தான்.

சின்னச்சிட்டு:
கணக்கு எல்லாம் அருமை சகோ, ஆனா உயரம் கம்மியா இருக்குறவங்க பக்கத்துல இருந்து யாருமே பேச மாட்டேங்கறீங்களே. நான் 155 செமீ. 29 ஹார்ட்டெயிலும் ஓட்டியிருக்கேன், இப்ப வெச்சிருக்கறது 27.5.
29ல எனக்கு இருந்த தொந்தரவு திருப்பமே இல்ல. முன் சக்கரம் பெருசு, அதுக்கு மேல ஃபோர்க், அதுக்கு மேல ஹெட் ட்யூப் (ஃப்ரேமோட கழுத்துக் குழாய்), எல்லாம் அடுக்கி வந்து ஹேண்டில்பார் சீட்டை விட உயரத்துல நிக்கும். ஏத்தத்துல முன்பக்கம் லேசாகி தூக்கும், திருப்பத்துல முன் டயர்ல பாரமே விழாது, வழுக்கும். பாரைப் பிடிச்சிருக்கற ஸ்டெம்மை கவுத்துப் போட்டு, கீழ இருக்குற வளையம் எல்லாம் எடுத்து, நேர் பார் போட்டு என்னென்னமோ பண்ணி இறக்கலாம், ஆனா ஓரளவுக்கு மேல இறங்காது. அடுத்தது செங்குத்தான இறக்கம். பின்னாடி தள்ளி குந்துறப்ப பின் டயர் நேரா வந்து உரசும், உரசினா சும்மா இல்ல துணி கிழியும், தோலும் போகும். நீளக்கால் ஆளுங்களுக்கு இது புரியவே புரியாது.
அதனால தான் நிறைய கம்பெனி எக்ஸ்எஸ் சைஸ் ஃப்ரேமுக்கு 27.5ம் பெரிய சைஸுக்கு 29ம் போட்டு தர்றாங்க. ட்ரெக் கம்பெனி இப்படி சில மாடல்ல பண்றாங்க. அது வேணும்னு குறைச்சுக் கொடுக்கறதுன்னு நினைக்காதீங்க, சரியான வேலை தான். 164ன்னா நீங்க எல்லைக்கோட்டுல நிக்கிறீங்க, ரெண்டுமே அமையலாம், உக்காந்து பாக்காம முடிவு பண்ணாதீங்க.

மண்தடம்:
ஆஹா இவ்ளோ வருமா. நன்றி மக்களே. கேள்வி இன்னும் கூடிடுச்சு. அந்த பழைய 26ல பிரேக் ரிம்மைப் பிடிக்கிற வகை, ஃபோர்க் ஆடுது, மத்தபடி ஃப்ரேம் நல்லா இருக்கு. அதை எடுத்து பின்னாடி 27.5 சக்கரம் மாத்திக்க முடியுமா? அப்புறம் ரேஸ் ஓட்டுறவங்க எல்லாம் எதுல ஓட்டுறாங்க, அதையும் சொல்லுங்க, சும்மா தெரிஞ்சுக்க.

ஒத்தக்கியர்:
ரிம் பிரேக்குன்னா மாத்த முடியாது தம்பி. பிரேக் கட்டை பிடிக்கிற இடம் 559க்குன்னு ஃப்ரேம்லயே ஒட்டியிருக்கு, 584 ரிம் போட்டா கட்டை அதுக்கு எட்டாது, ரிம்முக்கு உள்பக்கம் ஸ்போக் கிட்ட நிக்கும். டிஸ்க் பிரேக்குன்னா தட்டு ஹப்ல இருக்கும், ரிம் எவ்ளோ பெருசானாலும் அதுக்கு கவலை இல்ல, அப்ப ஃப்ரேம்ல இடம் இருந்தா போதும்.
நான் 26 ஆளு தான், இருந்தாலும் நேர்மையா சொல்றேன், ஃபோர்க் ஆடுற 26ஐ காட்டுக்குன்னு எடுக்காதீங்க. அந்த அளவுக்கு நல்ல ஃபோர்க் தேடுறது பெரும்பாடு, பழைய ஃப்ரேம்ல கழுத்து நேர் குழாயா இருக்கும், இப்ப வர்றது கீழ அகலமா இருக்கும், நுழையாது. ஹப்பும் பழைய அகலம், முன்னாடி 100 மில்லி, பின்னாடி 135. டயர் கிடைக்கும், ஆனா மேல்தரத்துல தேர்வு சுருங்கிட்டே போகுது. பம்ப் ட்ராக், டர்ட் ஜம்ப் ஓட்டுறதா இருந்தா 26 இன்னைக்கும் ராஜா, அங்க 29ஐ தூக்கிட்டு வந்தா சிரிப்பாங்க. நீங்க தான் ஜம்ப் வேணாம்னுட்டீங்களே.

சேறுபூசி:
ரேஸ் கதை நான் சொல்றேன், இது எனக்குப் பிடிச்ச ஏரியா.
2012ல சுவிஸ் வீரர் நீனோ ஷுர்ட்டர் 27.5ல கிராஸ் கன்ட்ரி (ஏத்தமும் இறக்கமும் கலந்த ரேஸ்) வேர்ல்ட் கப் ஜெயிச்சார், அந்த அளவுல யாரும் ஜெயிச்சது அதான் முதல் தடவை. அதே வருஷம் லண்டன் ஒலிம்பிக்ல கடைசி வரைக்கும் ரெண்டு பேர் மோதினாங்க, ஷுர்ட்டர் 27.5ல, செக் நாட்டு குல்ஹாவி 29ல. குல்ஹாவி ஒரே ஒரு செகண்டுல தங்கத்தை தட்டிட்டுப் போனார். உடனே 29 தான் ஜெயிச்சுதுன்னு எழுதினாங்க, என்னைக் கேட்டா அந்த ஒரு செகண்டை வெச்சு சக்கரத்தைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா 2016 ரியோவுல ஷுர்ட்டர் தங்கம் வாங்கினப்ப அவரே 29ல இருந்தார், அது யோசிக்க வேண்டிய விஷயம், இத்தனைக்கும் அவர் ஒண்ணும் நெட்டை கிடையாது. டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் ரெண்டும் ஜெயிச்ச பிரிட்டன் வீரர் டாம் பிட்காக்கும் 170 செமீ கிட்ட தான், 29 தான். இன்னைக்கு கிராஸ் கன்ட்ரி ரேஸ்ல வேற அளவைப் பாக்குறதே அபூர்வம்.
டவுன்ஹில்ல, அதாவது இறக்கத்துல மட்டும் ஓட்டுற ரேஸ்ல, ரொம்ப நாள் 29 உள்ள வரல, 2017ல ஸ்காட்லாந்து ஃபோர்ட் வில்லியம்ல தென்னாப்பிரிக்க வீரர் கிரெக் மின்னார் 29ல ஜெயிச்சு கதவைத் திறந்து விட்டார். 2019ல யுசிஐ (உலக சைக்கிள் சங்கம்) முன்னாடி ஒரு அளவு பின்னாடி ஒரு அளவு போடலாம்னு விட்டதும் முன்ன 29 பின்ன 27.5 போட்டு ஓட்ட ஆரம்பிச்சாங்க, முல்லட்னு சொல்றாங்களே அது. முன்னாடி உருளுறதுக்கு பெருசு, பின்னாடி குந்துறதுக்கும் சட்டுனு திருப்புறதுக்கும் சின்னது. சின்னச்சிட்டு அக்கா சொன்ன உரசல் பிரச்சனைக்கும் அது தான் மருந்து.

மண்தடம்:
அப்ப நானும் 29 எடுத்துட்டு பின்னாடி மட்டும் 27.5 போட்டுக்கலாமே? ரெண்டும் கிடைச்ச மாதிரி ஆச்சு.

கணக்குப்புள்ள:
அவசரப்படாதீங்க. முல்லட்டுக்குன்னே வரைஞ்ச ஃப்ரேம் வேற, 29க்கு வரைஞ்ச ஃப்ரேம்ல நீங்களா மாத்துறது வேற. பின் அச்சு 19 மில்லி கீழ இறங்கும். அதனால பெடல் சுத்துற இடம் ஒரு 12 மில்லி தாழும், கல்லுல பெடல் இடிக்கும். ஃப்ரேம் மொத்தமும் பின்னாடி சாஞ்சு ஹெட் ஆங்கிள் (கழுத்துக் குழாயோட சாய்வு) கிட்டத்தட்ட 0.9 டிகிரி படுக்கும், சீட் குழாயோட சாய்வும் அதே அளவு படுக்கும். இறக்கத்துக்கு நல்லா தான் இருக்கும், நீளமான ஏத்தம் இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அங்க பின்னாடி உக்காந்து மிதிக்கிற மாதிரி ஆயிடும், முன் சக்கரம் அலையும். உங்க தேவைக்கு நேர் எதிர். செங்குத்தா இறங்குற ஆளு இல்லாதவருக்கு எதுக்கு முல்லட்?

சேறுபூசி:
ஏத்துக்கறேன். ஹார்ட்டெயில்ல எனக்குமே அதுல பெரிய ஆர்வம் இல்ல, பின் சக்கரம் நேரா குத்து வாங்குற வண்டியில பின்னாடி பெருசா இருக்குறது தான் இடுப்புக்கு நல்லது.

கியர்மாமா:
அந்த பஸ் மாதிரி திரும்பும்னு சொன்ன நண்பர் பத்தி ஒண்ணு. அவர் பொய் சொல்லல, பழைய 29 நெஜமாவே அப்படித் தான் இருந்துச்சு. 26க்கு வரைஞ்ச கணக்கையே இழுத்து நீட்டி, பின்பக்க குழாய் 450 மில்லிக்கு மேல, சக்கரம் வேற வளைஞ்சு குடுக்கும், ஏன்னா ஸ்போக் நீளம் ஆனா ஹப் அதே பழைய அகலம். 2014 வாக்குல ட்ரெக் கொண்டு வந்த பூஸ்ட் ஹப் பின்னாடி 148 மில்லி அகலம், ஸ்போக் அகலமா கால் விரிச்சு நிக்கும், சக்கரம் கெட்டியாச்சு, செயின் கோடும் நகர்ந்ததால பின்பக்கத்தை குட்டையா பண்ண முடிஞ்சுது. இப்ப 435 அந்த மாதிரி வருது. ஆகவே பழைய 29 ஓட்டினவர் கருத்தை புது 29க்கு ஒட்ட வைக்காதீங்க. புதுசு வாங்குறப்ப ஹப் 148ஆன்னு கேட்டுக்கோங்க, அடிமட்ட மாடல்ல இன்னும் பழைய 135 வருது, பின்னாடி சக்கரம் மாத்தணும்னு வந்தா அப்ப தெரியும் வலி.
கியரையும் மறந்துடாதீங்க. சக்கரம் பெருசானா அதே கியர் அஞ்சு சதவீதம் கனமாகும். 27.5ல முன்னாடி 32 பல்லு மிதிச்சு பழகினவங்களுக்கு 29ல 30 பல்லு போட்டா தான் அதே இலகு வரும். முன் தட்டு ஒண்ணே ஒண்ணு இருக்குற வண்டின்னா அவசியம் பாருங்க, ஏத்தத்துல நாக்கு தள்ளும்.

சின்னச்சிட்டு:
இவ்ளோ பேசுறோம், டயரைப் பத்தி யாராவது வாயைத் திறந்தீங்களா? 2.1 டயரை கல்லு மாதிரி காத்தடிச்ச 29ஐ விட 2.4 டயரை ட்யூப்லெஸ் போட்டு காத்து குறைச்ச 27.5 சொகுசா போகும், பிடியும் நல்லா இருக்கும். ரிம் உள் அகலம் 30 மில்லி கிட்ட இருந்தா 2.4 டயர் ஒழுங்கா உக்காரும், சின்ன ரிம்ல அகல டயர் போட்டா திருப்பத்துல ஒரு பக்கமா மடங்கும். முதல்ல ஃப்ரேம் உடம்புக்கு பொருந்தணும், அப்புறம் டயருக்கு இடம் இருக்கணும், சக்கர அளவு அதுக்கு அப்புறம் தான். இதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது.

ஒத்தக்கியர்:
இந்த இழையிலயே உருப்படியான பதிவு இது தான்.

மண்தடம்:
போய் ரெண்டையும் உக்காந்து ஓட்டிப் பாத்துட்டு வந்தேன். எஸ் சைஸ் 29, எக்ஸ்எஸ் 27.5, ஒரே மாடல். சின்னச்சிட்டு அக்கா சொன்னதை மனசுல வெச்சு முதல்ல கீழ நின்னு பாத்தேன், 29ல மேல் குழாய்க்கும் எனக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் இடம் இருக்கு. பார் சீட்டை விட உயரம் தான், ஸ்டெம்முக்கு கீழ இருந்த வளையத்தை மேல மாத்தினதும் சம மட்டத்துக்கு வந்துடுச்சு. திரும்புறப்ப முன் காலு சக்கரத்துல இடிக்கல. எக்ஸ்எஸ் 27.5 எனக்கு நீளம் பத்தல, முட்டி பாரை தொடுது. பின்னாடி ஹப் 148. ஆக எஸ் 29, முன்னாடி 30 பல்லு மாத்தித் தர சொல்லிட்டேன்.
ஒரு சந்தேகம் மட்டும். 26 x 1 3/8னு எழுதின ஒரு டயர் கிடந்துச்சு, அதுவும் 26 தானேன்னு அந்த பழைய 26ல மாட்டிப் பாத்தா உக்காரவே இல்ல, லொட லொடன்னு நிக்குது. அப்ப 29லயும் இந்த மாதிரி ஏமாத்து வேலை இருக்கா?

கியர்மாமா:
பின்னத்துல எழுதின 26 x 1 3/8க்கு அளவு 590, தசமத்துல 26 x 1.95னு எழுதினா 559. ரெண்டும் 26 தான், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது. அதே மாதிரி பழைய ரோடு சைக்கிள்ல 27னு ஒண்ணு இருக்கு, அது 630, நம்ம 27.5ஐ விட பெருசு, கேக்கவே கிறுக்குத்தனமா இருக்கும். 29ல அந்த வம்பு இல்ல, 622 தான், ரோடு சைக்கிள் 700சி யும் அதே 622. ஆனா இன்ச்சைப் பாத்து டயர் வாங்குற பழக்கத்தை இன்னையோட விட்டுடுங்க. டயரோட பக்கவாட்டுல சின்ன எழுத்துல 57-622ன்னு இருக்கும், முதல் எண் அகலம், ரெண்டாவது ரிம் விட்டம். ரெண்டாவது எண் ரிம்ல போட்டிருக்கறதோட ஒத்துப்போனா மாட்டும், இல்லன்னா மாட்டாது.

சேறுபூசி:
ட்யூப் மட்டும் அவ்ளோ கறார் கிடையாது. கூட வர்றவர்கிட்ட 27.5 ட்யூப் தான் இருக்குன்னா அவசரத்துக்கு 29ல போட்டுக்கலாம், கொஞ்சம் இழுபட்டு மெலிசா ஆகும், திரும்பி வந்ததும் சரியான அளவு மாத்திடுங்க. வால்வு நீளமும் வகையும் மட்டும் பாத்துக்கோங்க, ரிம் ஓட்டைக்கு சேரலன்னா அளவு சரியா இருந்தும் புண்ணியம் இல்ல.